அலமாரி மேல வெச்சா அது பூட்டினதா ஆகாது

அமெரிக்கால துப்பாக்கி இருக்கற வீடுகள்ல அடிக்கடி சொல்ற பேச்சு, "மேல ஒளிச்சு வெச்சிருக்கேன், பசங்களுக்குத் தெரியாது". பசங்களுக்குத் தெரியாத இடம்னு வீட்ல ஒண்ணு இருக்கா என்ன?

1989லயே ஃப்ளோரிடா சட்டம் போட்டுச்சு, லோடு பண்ண துப்பாக்கிய குழந்தை எடுக்கற மாதிரி விட்டா பெரியவங்க மேல கேஸ்னு. மாசசூசெட்ஸ்ல குழந்தை இருந்தாலும் இல்லாட்டியும் பூட்டியே ஆகணும். ஆனா நாடு முழுக்க அப்படி ஒரு சட்டம் இல்ல, கைத்துப்பாக்கி விக்கறப்ப டீலர் கூடவே பூட்டு குடுக்கணும்னு 2005ல வந்துச்சு, அத வீட்ல போடணும்னு கட்டாயம் இல்ல, இது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

2021ல மிச்சிகன்ல 15 வயசுப் பையன் அப்பா வாங்கின துப்பாக்கிய ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போய் சுட்டதுல 4 பிள்ளைங்க செத்துப்போனாங்க, 2024ல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் 10ல இருந்து 15 வருஷம் ஜெயில். அதே வருஷம் பிப்ரவரில மிச்சிகன்ல பூட்டி வெக்கற சட்டம் அமலுக்கு வந்துச்சு, அந்த 4 பேருக்கு அப்புறம்தான்.

குண்டு தனியா, துப்பாக்கி தனியா, ரெண்டும் பூட்டுல, சாவி பசங்க கைக்கு எட்டாம. உங்க வீட்ல துப்பாக்கியே இல்லைன்னாலும் பிள்ளைய ஃப்ரெண்ட் வீட்டுக்கு அனுப்பறப்ப "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கா"ன்னு கேட்டுடுங்க, சங்கடமா இருந்தாலும் கேளுங்க.