எந்த ஈயம் கொன்றது?

இறந்த அன்னம் ஒன்று ஆய்வக மேசைக்கு வரும்போது, அது ஈய நஞ்சால் இறந்ததா என்று கண்டுபிடிப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடாது. எந்த ஈயத்தால் இறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் காட்டுயிர் நோய்களை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், ஐடஹோ மாநிலத்தின் கோர் டலேன் ஆற்றுச் சதுப்புகளிலிருந்து வசந்தகாலத் தொடக்கத்தில் வந்து சேர்ந்த டண்ட்ரா அன்னங்கள்தாம் இந்த இரண்டாம் கேள்வியின் கனத்தை எனக்கு உணர்த்தின.

அந்த ஆற்றின் மேற்பகுதியில் 1880களிலிருந்து வெள்ளி, ஈயம், துத்தநாகச் சுரங்கங்கள் இயங்கிவந்தன. தாதுவைப் பொடியாக்கி உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய கழிவை, 1968 வரை ஆலைகள் நேராக ஓடைகளில் விட்டன. அவ்வாறு விடப்பட்ட கழிவு 6 கோடி டன்னுக்கும் அதிகம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சமவெளிக்கு வந்ததும் ஆற்றின் வேகம் தணிகிறது. அங்கே ஏரிகளும் சதுப்புகளும் தொடர்ந்து கிடக்கின்றன. வெள்ளம் வரும்தோறும் ஈயம் கலந்த நுண்வண்டல் அவற்றில் பரவிப் படிந்தது. தாதுவை உருக்கி ஈயம் எடுத்துவந்த அப்பகுதி உருக்காலை 1981இல் மூடப்பட்டது. 1983இல் நடுவண் அரசு அப்பகுதியைத் தேசிய அளவில் முன்னுரிமை தந்து தூய்மைப்படுத்த வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஆலையை மூடியதால் சேற்றில் இருந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை.

கலிஃபோர்னியாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு அலாஸ்காவுக்குத் திரும்பும் அன்னங்கள், வழியில் இந்தச் சதுப்புகளில் இறங்கி இரை தேடுகின்றன. நீண்ட கழுத்தை நீருக்குள் விட்டு, சேற்றில் புதைந்திருக்கும் கிழங்குகளையும் வேர்களையும் தோண்டித் தின்பது அவற்றின் இயல்பு. அப்படித் தின்னும்போது சேறும் சேர்ந்தே உள்ளே போகிறது. எச்சத்தில் அமிலத்தில் கரையாத சாம்பலை அளந்து, விழுங்கிய மண்ணைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி, இந்த அன்னங்களின் இரையில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு மண்ணாகவே இருந்தது. தூய்மையான சதுப்பில் இதனால் பறவைக்கு எந்தத் தீங்கும் இல்லை. இங்கோ, நீர்ப்பறவைகளுக்குப் பாதுகாப்பான வரம்பாகக் கொள்ளப்பட்ட ஒரு கிலோ வண்டலுக்கு 530 மில்லிகிராம் என்ற அளவைப் பல மடங்கு தாண்டி ஈயம் படிந்திருந்தது.

மேசையில் கிடந்த பறவைகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லின. மார்புத்தசை வற்றி, மார்பெலும்பு கத்தி விளிம்புபோல் துருத்தி நிற்கும். எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகுகள் பச்சையாகக் கறைபட்டிருக்கும். பித்தப்பை வீங்கி, உள்ளே கரும்பச்சை நிறத்தில் கெட்டியான பித்தநீர் தேங்கியிருக்கும். உணவுக்குழாயைத் திறந்தால் அது தாவரத் துணுக்குகளால் அடைத்துக்கொண்டிருக்கும்; ஈயம் நரம்புகளைச் செயலிழக்கச் செய்வதால், விழுங்கிய இரை கீழே இறங்குவதில்லை. பட்டினியால் மெலிந்து செத்த பறவையின் தொண்டை நிறைய உணவு இருந்த அந்தக் காட்சியை எத்தனை முறை கண்டாலும் என்னால் வெறும் குறிப்பாக எழுதிவிட்டுக் கடந்துபோக முடிந்ததில்லை.

அதன் பிறகுதான் அரைவைப்பையைத் திறப்போம். இரையை அரைக்கும் அந்தத் தசைப்பையில் இருப்பதை அலசி, வடிகட்டி, ஊடுகதிர்ப் படமும் எடுத்து, வேட்டைத் துப்பாக்கியின் ஈய ரவைகள் உள்ளனவா என்று தேடுவோம். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் தடைசெய்தது என்றாலும், பழைய ரவைகள் சேற்றில் கிடக்கவே செய்கின்றன. பிற இடங்களில் ஈய நஞ்சால் இறக்கும் அன்னங்களின் வயிற்றில் அவை கிடைப்பது வழக்கம். கோர் டலேன் அன்னங்களில் பெரும்பாலானவற்றில் ரவை இல்லை, சேறுதான் இருந்தது. ஈரலில் ஈயம் மிகுந்திருக்க, அரைவைப்பையில் ரவை இல்லாதிருப்பதே எங்களுக்கு முதன்மையான சான்று. ரவை என்றால் பழி வேட்டைக்காரர்மீது விழும், தீர்வும் வேறாகிவிடும். வண்டல் என்றால் அது சுரங்கங்களின் பொறுப்பு. அதனால்தான், எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதும் அந்த ஒற்றை வரிக்காக ஒவ்வொரு பறவையையும் இருமுறை தேடச் சொன்னார் எங்கள் மூத்த ஆய்வாளர். அவர் சொன்னது சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

பக்கத்திலேயே ஓடும் செயின்ட் ஜோ ஆற்றின் சதுப்புகள் இந்தச் சான்றுக்கு வலுச்சேர்த்தன. அங்கே தாதுக்கழிவு இல்லை. அங்குப் பிடித்துச் சோதித்த பறவைகளின் குருதியில் ஈயமும் மிகக் குறைவு. குருதியின் சிவப்பணுக்களுக்கு நிறமியை உண்டாக்கத் துணைபுரியும் நொதி ஒன்றை ஈயம் முடக்குகிறது. ஆகவே சாகும்வரை காத்திராமல், உயிருள்ள பறவையின் சில துளிக் குருதியிலிருந்தே பாதிப்பை அளந்துவிடலாம். இறந்தவற்றை மட்டும் எண்ணினால் தீங்கின் ஒரு பகுதியே தெரியும். பறந்துபோன பறவைகளும் ஈயத்தைச் சுமந்துகொண்டே போயிருக்கின்றன. மண்ணில் இரை தேடும் ராபின் போன்ற சிறு பறவைகளிடமும் ஈயம் கூடுதலாகவே இருந்தது. அன்னங்கள் தோண்டும் அதே கிழங்கு, அந்நிலத்தின் தொல்குடிகளான கோர் டலேன் மக்களின் மரபு உணவும் ஆகும். சுரங்க நிறுவனங்களுக்கு எதிராக அவர்கள் 1991இல் வழக்குத் தொடுத்ததை இதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான், எங்கள் ஆய்வக அறிக்கைகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

அந்தச் சுரங்க நிறுவனங்களுள் ஒன்றான ஹெக்லா, வழக்கை முடித்துக்கொள்ள 2011இல் சுமார் 26 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ஆயினும் நஞ்சேறிய சதுப்பும் வெள்ளச் சமவெளியும் 15,000 ஏக்கருக்கு மேல் இருக்கையில், எல்லாச் சேற்றையும் அள்ளி அகற்றுவது நடக்கக்கூடியதன்று. ஈயம் குறைவாக உள்ள விளைநிலத்தைச் சதுப்பாக மாற்றி, அன்னங்களை அங்கே ஈர்க்கும் முயற்சியே எனக்கு நம்பிக்கை தந்தது. சுமார் 400 ஏக்கர் நிலத்தில் அது செய்யப்பட்டது, பறவைகளும் வந்தன. ஆனால் ஆற்றுப் படுகையிலும் கரைகளிலும் பழைய கழிவு இருக்கும்வரை அடுத்த பெருவெள்ளம் அதை மீண்டும் சுமந்துவரும். ஆகையால் மேற்பகுதியில் கழிவைக் கட்டுப்படுத்தும் பணியும் கீழே தூய சதுப்புகளைப் பெருக்கும் பணியும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும், திருத்திய சதுப்பின் வண்டலை மீண்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.