கன்ட்ரோல் சார்ட் போட்டபோது கஷ்டமாக இருந்தது கணக்கு இல்லை

கணினி கட்டுப்படுத்தும் கடைசல் மெஷினான சிஎன்சி லேத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷாஃப்டுக்குக் கன்ட்ரோல் சார்ட் போடும் வேலை என்னிடம் வந்தது. அளவுகளை நேர வரிசையில் புள்ளிகளாக வைத்து, இயல்பான ஆட்டத்துக்கு மேலும் கீழும் எல்லைக் கோடு போட்ட வரைபடம் அது. விட்டம் 25 மில்லிமீட்டர், டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட விலகல், கூடவோ குறையவோ 0.02. பெரும்பாலான பீஸ்கள் பாஸ் ஆகிவிடும், ஆனால் அவ்வப்போது காரணம் தெரியாமல் சில வெளியே போகும்.

பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினால் கிட்டத்தட்ட ஒவ்வொரு ரீடிங்குக்குப் பக்கத்திலும் ஒரு ஆஃப்செட் திருத்தம், அதாவது வெட்டும் டூலின் நிலையை மெஷினில் மாற்றியது. அளவு 0.004 ஏறினால் 0.004 குறைப்பார்கள், இறங்கினால் கூட்டுவார்கள். சார்ட் போடுவதற்கு முன்னால் இதை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். "நாலு மைக்ரான் ஏறியிருக்கே, பார்த்துக்கிட்டு சும்மா நிக்கவா சார்?" என்றார் ஆபரேட்டர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நாலு மைக்ரான் மெஷினின் இயல்பான ஆட்டம் என்றால், அடுத்த பீஸ் எப்படியும் வேறு இடத்தில்தான் விழும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதிலுக்கு நாமும் ஒரு ஆட்டம் ஆடினால் பரவல் சுமார் 1.4 மடங்காகிவிடும். தர மேலாண்மை நிபுணர் டெமிங், புனல் வழியாகக் கோலிகளைப் போட்டுப் பார்க்கும் சோதனையில் காட்டியது இதைத்தான். அரை மனதோடுதான் சம்மதித்தார்கள்.

மணிக்கு ஒரு முறை ஐந்து பீஸ் என்று 25 குழுக்கள் சேர்ந்ததும் குழுவின் சராசரிக்கு ஒன்றும் வீச்சுக்கு (குழுவில் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) ஒன்றுமாக இரண்டு சார்ட் வரைந்தேன். கணக்கு எளிது: வீச்சுகளின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. சராசரி சார்ட்டில் எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தன. "சூப்பர் கன்ட்ரோல்" என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. சாதாரணமாகச் சுமார் மூன்றில் ஒரு புள்ளி ஒரு சிக்மாவை, அதாவது நடுக்கோட்டிலிருந்து எல்லைக்கு உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை, தாண்டி நிற்க வேண்டும்; இங்கே ஒன்றுகூட இல்லை.

மெஷினுக்குப் பீஸைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் இரண்டு, இரண்டின் பீஸும் ஒரே டிரேயில் விழும். நாங்கள் எடுத்த ஐந்தில் இரண்டும் கலந்திருந்தன. ஸ்பிண்டில்களுக்கு இடையிலான வித்தியாசம் வீச்சில் ஏறி, எல்லைகளை அகலமாக்கிவிட்டது. அவ்வளவு அகலமான எல்லைக்குள் எதுவுமே நல்ல பிள்ளைதான்! பிரித்து வரைந்ததும் கதை மாறியது. முதல் ஸ்பிண்டிலில் அமைதி. இரண்டாவதில் புது இன்சர்ட் (மாற்றக்கூடிய வெட்டு முனை) போட்ட கொஞ்ச நேரத்திலேயே விட்டம் ஏற ஆரம்பித்து, எல்லையைத் தாண்டியது. இன்சர்ட் தேய்ந்தால் வெளிவிட்டம் ஏறத்தான் செய்யும், ஆனால் இவ்வளவு வேகமாக ஏன்? எப்போது என்பதை மட்டும்தான் சார்ட் சொன்னது. குளிரூட்டும் திரவத்தை ஊற்றும் கூலன்ட் நாசில் திரும்பிப்போய் வெட்டும் இடத்தில் விழாமல் இருந்ததைக் கண்டுபிடித்தவர் அதே ஆபரேட்டர்.

நடுவில் மேலாளர், டிராயிங் டாலரன்ஸையும் அதே சார்ட்டில் சிவப்புக் கோடாகப் போடச் சொன்னார். அதற்கு மட்டும் நான் இறங்கி வரவில்லை. சார்ட்டில் இருப்பது ஐந்து பீஸின் சராசரி. தனிப் பீஸை விட அது குறைவாகவே ஆடும். தனிப் பீஸுக்கான டாலரன்ஸை அதன் மேல் வரைந்தால் எல்லாமே பத்திரமாகத்தான் தெரியும். டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது, கன்ட்ரோல் எல்லை மெஷின் உண்மையில் செய்வது. பீஸ்கள் டாலரன்ஸுக்குள் அடங்குமா என்பதை பரவலையும் சராசரியையும் டாலரன்ஸோடு ஒப்பிடும் சிபிகே கணக்காகத் தனித் தாளில் கொடுத்தேன்.

சார்ட் எப்போது எச்சரிக்கிறது என்று முடிவுசெய்யும் விதிகளிலும் அடக்கி வாசித்தோம். எல்லையைத் தாண்டும் புள்ளி, நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் தொடர்ந்து எட்டுப் புள்ளி, இரண்டு மட்டும். முதல் விதி தனியாக என்றால் சராசரியாக 370 புள்ளிக்கு ஒரு பொய் எச்சரிக்கை. இந்த இரண்டும் அடங்கிய, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வகுத்த விதிகள் நான்கையும் சேர்த்தால் சுமார் 92-க்கே ஒன்று வந்துவிடும். நாலு தடவை வீணாக ஓடிய ஆபரேட்டர் ஐந்தாவது தடவை சார்ட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாசிலைச் சரிசெய்த பிறகு இரண்டாவது ஸ்பிண்டிலுக்கு எல்லைகளைப் புதிதாகக் கணக்கிட்டோம். இன்சர்ட் தேய்மானத்துக்கு மட்டும், இத்தனை பீஸுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஆஃப்செட். வேறு எதற்காகவாவது தொட்டால் நேரமும் காரணமும் சார்ட்டிலேயே எழுத வேண்டும்.