கேப்டவுனிலிருந்து வடக்கே: நாட்குறிப்பு, 2023

ஆகஸ்ட் 6, கேப்டவுன்

வண்டி கைக்கு வந்துவிட்டது. 650 சிசி மோட்டார் சைக்கிள், ஒற்றைச் சிலிண்டர், தொட்டியில் 17 லிட்டர் பிடிக்கும். எல்லை தாண்டுவதற்கான அனுமதிக் கடிதத்தை உரிமையாளர் இரண்டு படிகளாகத் தந்தார். ஒன்றை ஜாக்கெட்டின் உள்பையிலும் மற்றொன்றைப் பெட்டியின் அடியிலும் வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் மழை, மலை தெரியவில்லை. செப்டம்பர் 12 அன்று நான் வடக்கே ஜாம்பேசி ஆற்றின் காசுங்குலா பாலத்தில் நிற்க வேண்டும். இன்னும் 37 நாள்.

ஆகஸ்ட் 7, ஸ்பிரிங்பாக்

என்7 நெடுஞ்சாலையில் 560 கிலோமீட்டர். நமக்வாலாந்தில் பூக்கும் காலம் இது. மஞ்சளும் ஆரஞ்சுமாகச் செவ்வந்தியைப் போன்ற காட்டுப் பூக்கள் மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கின்றன. அவை வெயிலில் மட்டுமே விரியும். சூரியன் இருக்கும் திசையைப் பார்த்தே நிற்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே நண்பகல் சூரியன் வடக்கில் இருப்பதால், வடக்கு நோக்கிச் செல்கிறவர்களுக்குப் பூக்களின் முதுகுதான் தெரிகிறது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று மணிக்கு மேகம் வந்தது, எல்லாம் மூடிக்கொண்டன.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: சேர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, நூர்டூவர்

தென்னாப்பிரிக்க எல்லையான ஃபியூல்ஸ்ட்ரிஃப்பில் முத்திரை, ஆற்றுப் பாலம், நூர்டூவரில் மறு முத்திரை. நமீபியாவில் சாலை வரி கட்டிய ரசீதைத் தொலைத்துவிடக் கூடாது. அதைக் கடிதத்தோடு வைத்தேன். ஆரஞ்சு ஆற்றின் கரையில் கூடாரம் போட்டிருக்கிறேன். கரீப் என்ற அதன் பழைய பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது. நீர் கலங்கலாக, சத்தமின்றிப் போகிறது. இரு கரையிலும் மொட்டை மலைகள். ஆற்றை ஒட்டி மட்டும் திராட்சைத் தோட்டங்களின் பசுமை ஒரு கோடாக ஓடுகிறது.

சேர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஹோபாஸ்

தார் முடிந்து சரளைச் சாலை தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. சாலை முழுவதும் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும். மெதுவாகப் போனால் பற்கள் ஆடுகின்றன, 70க்கு மேல் போனால் சக்கரம் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு மிதப்பதைப் போல ஓடுகிறது, ஆனால் அப்போது பிரேக் பிடிக்க முடியாது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒவ்வொரு கிலோமீட்டரிலும் யோசித்தேன்.

மாலையில் ஒரு குடும்பம் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு மீன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு அழைத்துச் சென்றது. 160 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 27 கிலோமீட்டர் அகலம், 550 மீட்டர் ஆழம். அடியில் ஆறு சில குட்டைகளாகத் தேங்கிக் கிடந்தது. என் மனம் அங்கே நிற்கவில்லை. வரும் வழியில் சாலையோரத்தில் ஒரு திட்டு மணல் இருந்தது, அதை விலகித்தான் வந்தேன். எப்போதும் விலக முடியாது.

ஆகஸ்ட் 11

காற்று.

ஆகஸ்ட் 12, ஆவுஸ்

விரல்கள் மரத்துப்போயின, சாலையோரத்தில் நின்று எஞ்சினில் கையுறைகளை வைத்துச் சூடேற்றிக்கொண்டேன். இரவில் கணக்கு. 17 லிட்டர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் 340. மணலில் லிட்டருக்கு 15 என்று வைத்தால் 255. இங்கிருந்து டி707 என்ற சாலை வழியாக பெத்தா ஏறத்தாழ 200. போதும். கூடுதலாக எடுத்துச்செல்ல ஐந்து லிட்டர் கேன் எங்கும் கிடைக்கவில்லை. போதும் என்று மறுபடியும் எழுதிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 13, லூடரிட்ஸ்

125 கிலோமீட்டர் தார்ச்சாலை, ஆனால் கடற்கரையை நெருங்க நெருங்கக் காற்று மணலைச் சாலையின் குறுக்கே புகையைப் போல இழுத்துச் செல்கிறது. தார் தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது. ஹெல்மெட்டின் கண்ணாடி முழுதும் கீறல்.

காருப்பில் காட்டுக் குதிரைகளைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் அருகே ஒன்பது நின்றன, விலா எலும்புகளை எண்ணலாம். 2012க்குப் பின் பல ஆண்டுகள் இங்கே பிறந்த குட்டிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, கழுதைப்புலிகள் விடவில்லை. இன்று பெரியவற்றுக்கு நடுவே ஒரு குட்டி நின்றது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14, லூடரிட்ஸ்

லூடரிட்ஸுக்கு அருகே கைவிடப்பட்டுக் கிடக்கும் கோல்மன்ஸ்கோப் ஊரில், வீடுகளின் அறைகளில் மணல் ஜன்னல் உயரத்துக்கு ஏறிக் கிடக்கிறது. எல்லோரும் அதைப் படமெடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். 1908இல் லூடரிட்ஸ் ரயில்பாதையில் மணலை அள்ளிக்கொண்டிருந்த சக்காரியாஸ் லெவாலா என்ற தொழிலாளிதான் இங்கே முதல் வைரத்தைக் கண்டெடுத்துத் தன் மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் பெரும் பணக்காரரானார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1956இல் கடைசிக் குடும்பங்களும் ஊரைவிட்டுப் போயின.

அந்த ரயில்பாதையை அதற்கு முன் போட்டவர்கள் கைதிகள். 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை அதில் வேலை வாங்கப்பட்ட 2,014 பேரில் 1,359 பேர் இறந்தனர். ஹெரேரோ மக்களையும் நாமா மக்களையும் அன்று இந்நாட்டை ஆண்ட ஜெர்மானியர்கள் அடைத்துவைத்த சுறாத் தீவு துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. இப்போது தீவாக இல்லை, சாலை போகிறது. நாமா தலைவர் கொர்னேலியஸ் ஃபிரெடரிக்ஸ் 1907இல் அங்கே இறந்தார். இன்று அது கூடாரம் போடும் இடம். கடலைப் பார்த்தபடி மேடைகளும் அடுப்புகளும் கட்டியிருக்கிறார்கள். நான் முன்பே பணம் கட்டியிருந்தேன். வண்டியை நிறுத்திக் கீழே கால் வைத்ததும், இங்கே படுக்க என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அடுப்புகள் கட்டியவர்களுக்கு இது எப்படி முடிந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஊருக்குள் ஓர் அறை எடுத்தேன்.

நேற்று என் கண்ணாடியைக் கீறிய மணலை 1906இல் அவர்கள் அள்ளினார்கள், 1908இல் லெவாலா அள்ளினார். இன்று காலை அதே பாதையில் இயந்திரம் அள்ளிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 16, டி707, ஒரு பண்ணையின் கூடார இடம்

விழுந்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் இரவு முழுவதும் தலைக்குள் சுற்றும். ஆவுஸிலிருந்து ஏழரைக்குக் கிளம்பினேன். சி13 நன்றாக இருந்தது. டி707இல் திரும்பியதும் டயர்களின் காற்றை 32இலிருந்து 22ஆகக் குறைத்தேன். வலப்பக்கம் திராஸ் மலைகள், இடப்பக்கம் தொலைவில் சிவந்த மணல் மேடுகள், நடுவே மஞ்சள் புல். இவ்வளவு அழகான சாலையில் நான் இதுவரை வண்டி ஓட்டியதில்லை. அதுதான் என் கவனத்தைக் கெடுத்திருக்க வேண்டும். நாற்பதாவது கிலோமீட்டரில் கார்களின் தடங்கள் ஆழமாகி, முழங்கால் அகலத்துக்கு இரண்டு மணல் வாய்க்கால்களாக மாறின. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்து நிற்க வேண்டும், எடையைப் பின்னால் வைக்க வேண்டும், தொலைவில் பார்க்க வேண்டும், ஆக்சிலேட்டரை விடக் கூடாது. முன்சக்கரம் ஆடத் தொடங்கியதும் நான் அதைக் குனிந்து பார்த்தேன், ஆக்சிலேட்டரை மூடினேன். சக்கரம் மணலில் புதைந்தது, நான் இடப்பக்கமாகக் கைப்பிடிக்கு மேலே போனேன். இடது கையை ஊன்றி விழுந்தேன்.

எழுந்ததும் முதலில் கேட்டது பெட்ரோல் சொட்டும் ஒலி. வண்டி சரிந்து கிடந்ததால் மூடி வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்டிகளைக் கழற்றினேன். இருக்கைக்கு முதுகைக் கொடுத்துக் கால்களால் உந்தித் தூக்கும் முறையில் மூன்று முறை முயன்றேன். மூன்றாம் முறை இடது மணிக்கட்டு என்னைக் கத்தவைத்தது. கத்தியதைக் கேட்க யாரும் இல்லை. ஒழுகும் இடத்தில் என் தேநீர்க் குவளையை வைத்துப் பிடித்துப் பிடித்துத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றினேன். நிழலுக்குப் பெட்டியின் மூடி. தண்ணீர் மூன்று லிட்டர் இருந்தது, அலைபேசியில் சிக்னல் இல்லை. இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து ஒரு பிக்கப் வண்டி வந்தது.

அதில் வந்த முதியவரும் இளைஞரும் ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்தினார்கள். முதியவர் டயரை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டி, ஒரு தீக்குச்சியால் வால்வைக் குத்தி இன்னும் காற்றை இறக்கினார். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஸ்டாடிக், ஸ்டாடிக். மெதுவாக என்று பொருள். இளைஞர் என் வண்டியை மணல் முடியும்வரை ஓட்டிவந்து கொடுத்தார். பணம் கொடுக்கக் கையை எடுத்தபோது முதியவர் என் மணிக்கட்டைக் காட்டி, பையில் வை என்று சைகை செய்தார்.

இன்று அண்ணனுக்குச் செய்தி போகவில்லை.

ஆகஸ்ட் 17

வீக்கம். ஆக்சிலேட்டரை மூடினேன், ஏன் மூடினேன்.

ஆகஸ்ட் 18, பெத்தா

டி707இன் மீதியை முதல் இரண்டு கியர்களிலேயே கடந்தேன், ஏனென்றால் ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் வலி முழங்கைவரை ஏறுகிறது. பங்கில் பெட்ரோல் போட்டபோது தொட்டியில் மூன்று லிட்டருக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. சிக்னல் வந்ததும் அண்ணனிடமிருந்து பதினோரு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கடைசியில் இருந்தது வெறும் என் பெயர் மட்டும். சேர்ந்துவிட்டேன் என்று எழுதினேன். விழுந்ததை எழுதவில்லை.

ஆகஸ்ட் 20, செஸ்ரியம்

பூங்காவுக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. திறந்த லாரியில் ஏற்றிச் சென்றார்கள். அது எனக்கு நல்லதாகிவிட்டது. டெட்ஃப்ளையில் வெள்ளைக் களிமண் தரையின்மேல் கருகிய மரங்கள் நிற்கின்றன, செத்து அறுநூறு எழுநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆறு இங்கேவரை வந்துகொண்டிருந்தது. மணல் குறுக்கே ஏறி அதைத் தடுத்துவிட்டது, மரங்கள் தாகத்தில் நின்றபடியே செத்தன. காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் அவை மக்குவதுமில்லை.

வழிகாட்டி சொன்ன ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இந்த மணலில் பெரும்பகுதி ஆரஞ்சு ஆறு கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடல் நீரோட்டம் அதைக் கரையோரமாக வடக்கே தள்ளுகிறது, அலை கரையில் எறிகிறது, காற்று உள்நாட்டுக்கு ஓட்டுகிறது. பழைய மணலில் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. அப்படியென்றால் 8ஆம் தேதி இரவு என் கூடாரத்துக்கு அருகில் சத்தமின்றிப் போய்க்கொண்டிருந்தது இதுதான். கோல்மன்ஸ்கோப்பின் அறைகளில் இருந்ததும், நான் கையை ஊன்றியதும்.

ஆகஸ்ட் 21, வால்விஸ் பே

சொலிட்டேரில் பெட்ரோல். மகர ரேகைப் பலகை. கவுப் கணவாய், பிறகு குயிசெப். வளைவுகளில் கிளட்ச் பிடிக்கும் போதெல்லாம் கண்ணில் நீர் வந்தது. குயிசெப் ஆற்றில் நீர் இல்லை, ஆண்டில் சில நாள்கள்தான் ஓடும். அந்தச் சில நாள்களின் வெள்ளமே வடக்கே நகர்ந்துவரும் மணலை அடித்துக்கொண்டு போய்விடுகிறதாம். ஆற்றுக்குத் தெற்கே மணற்கடல், வடக்கே வெறும் சரளைச் சமவெளி. கடந்ததும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். செப்டம்பர் 12வரை இனி எனக்கு மணல் கிடையாது.

சேர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, ஸ்வாகோப்முண்ட்

எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. நான் மூச்சு விடுவதற்குள் மருத்துவர் சொன்னார்: கட்டைவிரலின் அடியில் இருக்கும் சிறு எலும்பில் விரிசல் இருந்தால் முதல் படத்தில் தெரியாமல் போகலாம், அழுத்தினால் வலிக்கிறதே, இரண்டு வாரம் போல் கைக்குக் கட்டுப் போட்டு வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். செப்டம்பர் 4 காலை வரச் சொல்லியிருக்கிறார்.

கட்டு விரல்களின் நடுவரை வருகிறது. கிளட்சைப் பிடித்துப் பார்த்தேன், எட்டவில்லை.

ஆகஸ்ட் 24

கடலிலிருந்து மூடுபனி. பத்து மணிவரை எதிர் வீடு தெரியவில்லை. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தின்மேல் காற்று வருவதால் இப்படி. மணற்குன்றுகளில் ஒரு வகை வண்டு இந்தப் பனியில் தலைகீழாக நிற்குமாம். முதுகில் படியும் நீர் வழிந்து வாய்க்கு வரும். எனக்கு அந்த வண்டைப் பார்க்க வேண்டும். அதற்கு மணலில் நடக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26

இன்று நமீபியாவில் வீரர்கள் நாள், விடுமுறை. 1966இல் ஒமுகுலுக்வோம்பாஷேயில் விடுதலைப் போரின் முதல் மோதல் நடந்த தேதி. கடைகள் அடைத்திருந்தன. உறங்கினேன்.

ஆகஸ்ட் 27

ஊரின் கல்லறைத் தோட்டத்தில் பளிங்குக் கற்களும் பூச்செடிகளும் இருக்கின்றன. அதன் எல்லையைத் தாண்டினால் பாலைவனம். அங்கே வரிசை வரிசையாகச் சிறிய மணல் மேடுகள். இந்த ஊரின் முகாமில் செத்த ஹெரேரோ மக்கள். பெயர் இல்லை. சில மேடுகளைச் சுற்றிக் கற்கள் அடுக்கியிருக்கிறார்கள், பல மேடுகள் காற்றில் தேய்ந்து தரையோடு தரையாகிவிட்டன. இனப்படுகொலை என்ற சொல்லை ஜெர்மனி 2021இல்தான் ஒப்புக்கொண்டது. எதை மிதிக்கிறேன் என்று தெரியாததால் நான் உள்ளே போகாமல் ஓரத்திலேயே நின்றேன்.

ஆகஸ்ட் 29

அண்ணன் கூப்பிட்டார். கட்டைப் பார்த்துவிட்டார், கேமராவை நான்தான் தவறாகத் திருப்பினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "போதும்மா, கிளம்பி வந்துடு" என்றார். பாலம் இருக்கிறது என்றேன். "பாலம் எங்கேயும் போயிடாது" என்றார். பாலம் போகாது, தேதி போய்விடும் என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இருவரும் சமையலைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 31

ஆக்சிலேட்டரை மூடாமல் இருந்திருந்தால்.

செப்டம்பர் 1

கணக்கு. இங்கிருந்து ஒட்ஜிவரோங்கோ, க்ரூட்ஃபொன்டைன், ருண்டு, காட்டிமா முலிலோ, பிறகு போட்ஸ்வானாவுக்குள் கசானே, காசுங்குலா. 1,400 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ முழுவதும் தார். நாளுக்கு 300 என்றால் ஐந்து நாள். ப்வப்வாட்டா பூங்காவின் ஊடே செல்லும் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கும், அங்கே மாலை நான்கு மணிக்குள் ஒதுங்கிவிட வேண்டும். அதற்காக ஒரு நாளைக் கூட்டினால் ஆறு. 7ஆம் தேதி காலை கிளம்பினால்கூடப் போதும். பாலம் 923 மீட்டர். 2021 மே 10 அன்று திறந்தார்கள். ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் போகாமல் இருப்பதற்காக ஜாம்பேசி ஆற்றின்மேல் அது வளைந்து செல்கிறது. அந்த வளைவின் நடுவில் என்று பேசியிருக்கிறோம்.

கட்டின் ஓரத்தை அரை விரல் அளவுக்குக் கத்தரிக்கலாமா என்று யோசித்தேன். கத்தரியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3

கட்டைவிரலின் அடியில் அழுத்தினேன். நேற்று வலித்ததைவிடக் குறைவா, அல்லது நான் மெதுவாக அழுத்தினேனா, தெரியவில்லை. ஒற்றைக் கையால் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். ஸ்பிராக்கெட்டின் பற்களுக்கிடையே இன்னும் சிவப்பு மணல் இருந்தது. டயர்களில் காற்றை 32ஆக ஏற்றினேன்.

செப்டம்பர் 4

எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழே கால்தான் ஆகிறது, மூடுபனி இன்னும் விலகவில்லை, நடந்தே போகிறேன்.