இங்கிலீஷ்ல ‘அதுக்கில்லண்ணா’ சொல்லிப் பழகின ரெண்டு மாசம்

ராணிப்பேட்டைல ஒரு ஷூ கம்பெனில மெர்ச்சண்டைசிங் பாக்குறேன், அதாவது ஆர்டர் வந்ததுல இருந்து சரக்கு அனுப்புற வரைக்கும் பாத்துக்குற வேலை. சரக்கு வாங்குற வெளிநாட்டு பையரோட வாரத்துக்கு ரெண்டு ஃபோன் கால் இருக்கும். அவங்க பேசப் பேச நான் ‘யெஸ், யெஸ்’னு சொல்லிட்டே இருப்பேன், நம்ம ‘ம்ம்’ கொட்றோம்ல அந்த மாதிரி, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு அர்த்தம். அவங்க அதை நான் ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டாங்க. டெலிவரி தேதி ஒரு வாரம் முன்னாடி வந்துடுச்சு, தோல் வெட்டுற கட்டிங் செக்ஷன்ல இருக்குறவங்க ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலைக்கு வந்தாங்க. ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு.

அப்பதான் நானு, மேல்விஷாரம் பாய், எங்க தெரு டீச்சர் அக்கா மூணு பேரும் வேலூர் கோட்டை அகழி ஓரமா சாயங்காலம் நடந்துக்கிட்டே இங்கிலீஷ்ல மட்டும் வாக்குவாதம் பண்றதுன்னு ஆரம்பிச்சோம்.

மொத ரெண்டு வாரம் கிராமர்லயே போச்சு. ‘ஐ ஆம் அக்ரீ’ தப்பு, ‘ஐ அக்ரீ’தான். ஆளோட ஒத்துப்போனா ‘வித்’, ஒரு யோசனைக்கு சரின்னா ‘டு’, தேதி முடிவானா ‘ஆன்’. இது சீக்கிரம் வந்துடுச்சு.

மறுக்குறதுதான் கஷ்டம். தமிழ்ல ‘இல்லீங்க’ன்னா போதும், ‘அதுக்கில்லண்ணா’ன்னு கொஞ்சம் இழுத்தா இன்னும் நல்லது, மரியாதை அதுலயே வந்துடுது. இங்கிலீஷ்ல ஒட்டிக்க ‘ங்க’ கிடையாது, அதனால மரியாதையைத் தனியா முன்னாடியே சொல்லிட்டுதான் மறுக்கணும்.

கோட்டைகிட்ட நடக்கும்போது வேற இன்னா டாபிக், 1806 வேலூர் சிப்பாய் புரட்சிதான். 1857க்கு 51 வருஷம் முன்னாடியே, ஜூலை 10, இங்கதான் மொத சுதந்திரப் போர்னு பாய் சொன்னார். அக்கா டக்குனு ‘நோ, யூ ஆர் ராங்’னுட்டாங்க. பாய் முகம் சுண்டிப் போச்சு, பேச்சே நின்னுடுச்சு. கொஞ்ச தூரம் போய் அக்காவே மறுபடி ‘ஐ சீ யுவர் பாயின்ட், பட் வாட் அபவுட் கட்டபொம்மன்? தட் வாஸ் 1799’னாங்க. பாய் உடனே ஆரம்பிச்சுட்டார், அது பாளையக்காரர் சண்டை அக்கா, இது கம்பெனியோட சொந்த சிப்பாய்ங்களே புதுத் தலைப்பாகை வேணாம் தாடி எடுக்க மாட்டோம்னு எழுந்தது, ரெண்டும் வேற வேறன்னு, இருட்டுற வரைக்கும் பேசினோம். அக்கா கருத்து மாறவே இல்ல, கேள்வியாக் கேட்டாங்க அவ்ளோதான்.

‘ஐ குடன்ட் அக்ரீ மோர்’ ரொம்ப நாளா ஒத்துக்க முடியாதுன்னு நெனச்சிருந்தேன். இதுக்கு மேல சம்மதிக்க இடமே இல்ல, அவ்ளோ முழு சம்மதம்னு அர்த்தமாம். ‘ஐ ஹியர் யூ’ன்னா நீ சொல்றது புரியுதுன்றதோட சரி, சம்மதம் இல்ல. இப்ப ‘ம்ம்’ கொட்ற எடத்துல ‘ஐ சீ’ போடுறேன்.

போன செவ்வாய்க்கிழமை பையர் மறுபடி 15ஆம் தேதி கேட்டாங்க. ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் வை யூ நீட் இட் பை தென், பட் ஐம் அஃப்ரெய்ட் வீ நீட் அன்டில் தி 22ண்ட்’னேன். ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் ‘ஃபேர் எனஃப்’னாங்க. கட்டிங்ல போய் இந்த ஞாயித்துக்கிழமை லீவுன்னு நானே சொல்லிட்டு வந்தேன்.

இன்னும் வராதது ஒண்ணு. ‘ஹேவன்ட் யூ சென்ட் தி சாம்பிள்?’னா அனுப்பலைன்னு சொல்ல ‘நோ’ சொல்லணும், நமக்கு ‘ஆமா, அனுப்பல’ன்னுதானே வாயில வருது, நேத்துகூட ‘யெஸ்’னுட்டு அப்புறம் மெயில் போட்டுத் திருத்தினேன். இந்த வாரம் அகழி ஓரத்துல முழுக்க அந்த மாதிரிக் கேள்விதான், பாய் பத்து எழுதிட்டு வர்றேன்னார்.