அப்பாவோட பேட்ச் ஃபைல், 2025 அக்டோபர் குறிப்பு

அக்டோபர் 3

சுகர் 268. அப்பாவுக்கு இன்னைக்கும் ஆபரேஷன் இல்லன்னுட்டாரு டாக்டர்.

அக்டோபர் 3, ராத்திரி

தூக்கம் வரல. அப்பா தூங்குதாவ, ஊசி வேகத்துல. மத்தியானம் மில்லு அண்ணாச்சி போன் பண்ணாரு, அப்பா சாப்பிட்டாவளான்னு ஆரம்பிச்சு, எந்த வார்டுன்னு கேட்டு, கடைசில "பாப்பா அந்தக் கருப்பு ஜன்னல் ஓட மாட்டேங்கு, ஆடிட்டர் கேக்காரு"ல வந்து நின்னாரு. கருப்பு ஜன்னல்னா அப்பா எழுதுன பேட்ச் ஃபைல், விண்டோஸுக்கு வரிவரியா கட்டளை எழுதி வச்சது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பைன்னு செங்கோட்டை பாசஞ்சர் ரயில் நிக்கிற அதே வரிசைல நாலு கடை பில்லையும் பிரிச்சு ஊருக்கொரு ஃபோல்டர்ல ராத்திரி காப்பி போட்டு வைக்கும். இந்த மாசம் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடியுதுன்னு புது மிஷின் வாங்கிருக்காங்க, சர்வீஸ் பண்ண வந்தவன் பழசுல இருந்து ஃபைல எடுக்க முன்னாடியே ஃபார்மட் அடிச்சுட்டுப் போய்ட்டான். நல்லவேளை அப்பா பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி வச்சிருந்தாவ (இந்தக் காலத்துல யாரு பேட்ச் ஃபைல பிரிண்ட் எடுப்பா), அதப் பாத்து கணக்குப்பையன் டைப் அடிச்சிருக்கான். எப்படி அடிச்சிருப்பான்னு நெனச்சாலே பகீர்ங்கு.

அக்டோபர் 4

அம்மா இட்லி கொண்டு வந்தா. அப்பா ரெண்டு. சுகர் 251.

லேப்டாப்ப ஸ்டூல்ல வச்சு எனிடெஸ்க்ல (இங்க இருந்தே இன்னொரு மிஷின ஓட்டுத சாஃப்ட்வேர்) மில்லு மிஷின்குள்ள போனேன். முதல் கோளாறு தேதி. அப்பா ஃபைல்ல தேதியோட முதல் ரெண்டு எழுத்த வெட்டி எடுத்து ஃபோல்டர் பேரா வைப்பாவ, 04-ன்னு வரணும். புது மிஷின் அமெரிக்கா முறைல இருக்கு, கிழமை முன்னால வந்து நிக்கி, அதனால "சா"ன்னு ஒரு ஃபோல்டர், சாட்டர்டேல உள்ள சா. ரீஜன இந்தியாவுக்கு மாத்துனதும் அது ஓஞ்சுது.

ரெண்டாவதுதான் பெரிய கோளாறு. நாலு ஊருக்கும் நாலு பாதை, அதாவது காப்பி போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர், மேல செட் பண்ணிருக்கு, பாதை_சேரை, பாதை_வீரை, பாதை_கல்லிடை, பாதை_அம்பை (ஃபைல்ல இங்கிலீஷ்ல கெடக்கு, இங்கன தமிழ்ல எழுதிக்கிடுதேன்). ஊர் பேர் இன்னொரு வேரியபிள்ள (மதிப்பப் போட்டு வைக்க பேரு, ரெண்டு பக்கமும் % போட்டா மதிப்பு வரும்) வருது. அப்ப பேருக்குள்ள பேர், %பாதை_%ஊர்%%-ன்னு எழுதுனா போதும்னுதானே யாருக்கும் தோணும், பையனுக்கும் தோணிருக்கு. ஆனா அது அடைப்புக்குறி கணக்கு இல்ல, உள்ள இருந்து வெளிய வராது. இடமிருந்து வலமா படிச்சிட்டே வருது, முதல் பெர்சென்ட்ல தொறந்து அடுத்த பெர்சென்ட்ல மூடிருது, %பாதை_%-ன்னு ஒண்ணு இல்லவே இல்ல, பேட்ச் ஃபைல்ல இல்லாதது வெத்தா போயிரும், அப்புறம் ஊர்ங்கது வெறும் எழுத்தா நிக்கும், கடைசி ரெண்டு பெர்சென்ட் சேந்து ஒரு பெர்சென்ட் ஆயிரும். ஆக பாதை வர வேண்டிய எடத்துல "ஊர்%". டி டிரைவ்ல அப்படியே ஒரு ஃபோல்டர் கெடக்கு, ஊர்%-ன்னு.

பிரிண்ட்ல அப்பா எழுதுனது வேற: கால் செட் இடம்=%%பாதை_%1%% (கால்னா call, செட்னா set, %1-ங்கது கூப்பிடும்போது குடுக்க ஊர் பேரு). பையனுக்கு இத்தன பெர்சென்ட் எதுக்குன்னு தோணிருக்கும், கொறச்சுட்டான். முதல் வாசிப்புல ரெட்டப் பெர்சென்ட் ஒத்தையாகும், %1 ஊர் பேராகும், வரி "கால் செட் இடம்=%பாதை_அம்பை%"-ன்னு மாறி நிக்கும். கால்-ங்கது அந்த வரிய இன்னொருக்க வாசிக்க வைக்கும், அப்பதான் உண்மைப் பாதை உள்ள வரும். அவ்ளோதான் வித்தை. ரெண்டு தடவ வாசிக்க வைக்கது.

திருப்பிப் போட்டு ஓட்டுனேன், மூணு ஊர் வந்துட்டு. வீரவநல்லூர் வரல.

அக்டோபர் 5

ஞாயிறு. பெரிய டாக்டர் கெடையாது. பாவநாசம் டேம் எத்தன அடின்னு அப்பா கேட்டாவ. பேப்பர் வாங்கல.

வீரவநல்லூர் வரல.

அக்டோபர் 6

சுகர் 240. ரத்தம் கட்டாம இருக்கப் போடுத மாத்திரையையும் நிப்பாட்டி அஞ்சு நாள் ஆகணுமாம், இத மூணு நாள் முன்னாடியே சொல்லிருக்கலாம்லா, கேட்டா சிஸ்டர் மேல பாக்கா.

தம்பி பெங்களூர்ல இருந்து பேசுனான். லீவு கெடைக்கலயாம். அதுக்குப் பதிலா அரை மணி நேரம் ஐடியா குடுத்தான். "யக்கா, அந்த சனியன தூக்கிப் போட்டுட்டு பவர்ஷெல்ல எழுது, ஒரு டேபிள்ல நாலு ஊரப் போட்டு ஊர் பேரக் குடுத்தா பாதை வந்துட்டுப் போகுது." வாஸ்தவம்தான். யாரு எழுத, எப்ப எழுத, நாளைக்கு அது நின்னா அண்ணாச்சி யார்ட்ட கேப்பாரு. சரி அது வேண்டாம்னா டிலேய்ட் எக்ஸ்பான்ஷன (வேரியபிள கடைசி நேரத்துல விரிக்க வசதி) ஆன் பண்ணி !பாதை_%1!-ன்னு போடுன்னான். பெர்சென்ட் முதல்ல விரியும், ஆச்சரியக்குறி கடைசில, வரி ஓடப்போற நேரத்துல விரியும், அதனால ரெண்டும் மோதாது. இது பாக்க அழகாத்தான் இருக்கு, கால்-ஐ விட வேகமும் கூட. ஆனா எல்லாத்தையும் ஆச்சரியக்குறியா போட்டு !பாதை_!ஊர்!!-ன்னு எழுதுனா பழைய கதைதான், !பாதை_!-ல மூடிரும். வெளிய ஒரு குறி உள்ள ஒரு குறி இருக்கணும்.

அப்பாட்ட கேட்டேன், ஏம்ப்பா நீங்க இத வைக்கலன்னு. விண்டோஸ் 2000-ல வந்த சமாச்சாரம் அவங்களுக்குத் தெரியாம இருக்காது. கண்ண மூடிட்டே சொன்னாவ, "ஏட்டி, கல்லிடைக்குறிச்சி கடைக்காரன் பாக்கி நிக்க பில்லுக்கெல்லாம் பேருக்குப் பின்னால ஆச்சரியக்குறி போடுவாம்லா. அது முழுங்கிரும்."

போய்ப் பாத்தா ஆமா, அரைப் பக்கத்துக்கு ! போட்ட ஃபைல் பேருதான். டிலேய்ட ஆன் பண்ணிட்டு ஃபார்-ல (ஒண்ணொண்ணா எடுத்துச் சுத்துத கட்டளை) ஃபைல் பேர எடுத்தா, பேரு உள்ள வந்த பொறவு ஆச்சரியக்குறி வாசிப்பு நடக்கு, பேர்ல இருக்க குறி காணாமப் போயிரும், அந்தப் பேர்ல ஃபைலே இல்லன்னு சொல்லும். ரெண்டு குறி இருந்தா நடுவுல உள்ள எழுத்தும் சேந்து போகும். பாக்கி பில்லு மட்டும் காப்பி ஆகாம நிக்கும், ஆடிட்டருக்கு வேண்டியது அதுதானே. பிரிண்ட் ஓரத்துல பென்சில்ல "க.குறிச்சி ! பாத்துக்க"ன்னு எழுதிருக்கு, நாந்தான் என்னமோ அழுத்திச் சொல்லுதாவன்னு நெனச்சேன்.

தம்பிட்ட சொன்னேன். பேர முதல்ல செட்ல பிடிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் சுத்துக்குள்ள ஆன் பண்ணி வேலைய முடிச்சு ஆஃப் பண்ணுன்னான். அதுவும் ஓடும், இல்லங்கல. நாலு ஊருக்கு எதுக்கு இந்தப் பாடு, கால் போதும். எம்பக்கம் அப்பா பக்கம்தான்.

அக்டோபர் 7

பேப்பர் வாங்கிட்டுப் போனேன். பாவநாசம் 143 அடிக்கு எவ்வளவு நிக்கி, மணிமுத்தாறு 118-க்கு எவ்வளவு, சேர்வலாறு என்ன, எல்லாம் வாசிச்சேன். "இது நேத்துக் காலைக் கணக்குட்டி"ன்னாவ. பிசான நெல்லுக்குத் தண்ணி எப்ப விடுவானோன்னு கவலை, சொந்தமா ஒரு மரக்கா வெதப்பாடு கெடையாது.

காலைல ஆறு மணிக்கு 232. பத்தரைக்கு நானே சிஸ்டர்ட்ட சொல்லிப் பாத்தப்ப 190. பதினோரு மணிக்கு டாக்டர் வந்து சார்ட்டப் பாத்து 232, இன்னும் ரெண்டு நாள்ன்னுட்டாரு. சார் இப்ப பாத்தோம்னு சொல்லுதேன், காதுல ஏறல. அவரும் பெர்சென்ட் ஆளுதான். பேட்ச்ல அடைப்புக்குறிக்குள்ள எழுதுன மொத்தக் கட்டையும் ஒரே மூச்சுல வாசிச்சிரும், அப்ப வேரியபிள்ள என்ன இருந்துச்சோ அதான் உள்ள இருக்க எல்லா பெர்சென்ட்லயும் ஒட்டிக்கிடும், உள்ளயே செட் பண்ணி மாத்துனாலும் கீழ் வரில பழசத்தான் காட்டும். அப்பா இதுக்காகத்தான் ஃபார்-க்குள்ள எதையும் எழுதாம ஊர் பேர மட்டும் குடுத்து கால் போட்டு கீழ ஒரு லேபிளுக்கு (ஃபைல்லயே பேர் வச்ச எடம்) அனுப்பிருக்காவ, அங்க ஒவ்வொரு வரியும் அதது முறை வரப்பத்தான் வாசிக்கும். டாக்டர எந்த லேபிளுக்கு அனுப்ப.

வீரவநல்லூர் கெடச்சுட்டு, பாதி. ஃபைலெல்லாம் டி டிரைவ் ரூட்ல, எந்த ஃபோல்டருக்குள்ளயும் இல்லாம, அம்போன்னு கெடக்கு. அப்ப இடம் வெத்தா இருக்கு, வெத்துக்குப் பின்னால பேக்ஸ்லாஷ் சேந்து ரூட்டுக்குப் போயிருக்கு. பாதை_வீரை செட் ஆகிருக்கே, கண்ணால பாக்கேன், வரி இருக்கு, எழுத்துப் பிழை இல்ல. பின்ன ஏன் வெத்து.

அக்டோபர் 8

இன்னைக்கு மொத்தமும் நின்னுட்டு! நம்பர் செல்லாதாம், டெசிமலா ஆக்டலான்னு பாடம் நடத்துது. அரை மணி நேரம் முழிச்சேன். செட் /ஏ-ங்க கணக்குப் போடுத கட்டளைக்கு, முன்னால சைபர் வச்ச எண்ணெல்லாம் ஆக்டல், எட்டடிமான எண். 07 வரைக்கும் தப்பிச்சிரும், ஆக்டல்ல 8-ம் 9-ம் கெடையாது, அதனால மாசத்துல இந்த ரெண்டு தேதி மட்டும் விழும். பிரிண்ட்ல அப்பா நாள்=1%தேதி%-100-ன்னு போட்டிருக்காவ, 108-ல 100 போனா 8. பையன் 1-ம் 100-ம் தேவையில்லன்னு எடுத்துட்டான். விட்டா 10-ந் தேதி தன்னால சரியாயிருக்கும், எல்லாரும் மறந்திருப்போம், நவம்பர் 8 திரும்ப வந்திருக்கும்.

சுகர் 214.

அக்டோபர் 9

ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு என்னைய ஆச்சி பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ. மில்லு சங்கு ஊதிட்டான்னு கேட்டாவ. ஊசி மருந்தால இருக்கும்னு டூட்டி டாக்டர் சொல்லுதாரு, வயசானவங்களுக்கு இப்படி வரும், போயிரும்னு. கைய விடவே இல்ல. அம்மாட்ட சொல்லல. தம்பிக்கு மெசேஜ் அடிச்சு அனுப்பாம அழிச்சுட்டேன்.

அக்டோபர் 9, காலை

தெளிஞ்சுட்டாவ. காபிய உறிஞ்சிட்டே, "ஃபார்-க்குள்ள நேரா எழுதுனா எத்தன பெர்சென்ட் சொல்லு"ன்னாவ. %%பாதை_%%ஊ%%. ஆறு. முதல் வாசிப்புல மூணு ரெட்டையும் மூணு ஒத்தையாகும், %ஊ-வ ஃபார் மாத்தும், மிச்சத்த கால் பாத்துக்கிடும். "ம்"ன்னாவ. எனக்கு அழுகையா வந்துட்டு, சிரிச்சு சமாளிச்சேன். 196.

அக்டோபர் 10

மயக்க மருந்து டாக்டர் வந்து பாத்துட்டு ஓகேன்னுட்டாரு. நாளைக்குக் காலைல முதல் கேஸ். கையெழுத்து போட்டேன், எத்தன எடத்துல, வாசிக்க விடல.

அம்மா டவுண்ல நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்ட்டு வந்து துண்ணூறு பூசுனா. கூடவே அல்வா, யாருக்குன்னு கேட்டா டாக்டருக்காம். சுகர் வார்டுல அல்வாவோட நிக்கா.

வீரவநல்லூர். மண்ட காய்ஞ்சு போய் கடைசில ஒரு காரியம் பண்ணேன், கருப்பு ஜன்னல்ல செட் பாதை_-ன்னு மட்டும் அடிச்சா அப்படி ஆரம்பிக்க வேரியபிள் எல்லாத்தையும் வரிசையா காட்டும், அத ஃபைலுக்குள்ளயே ஒரு வரியா போட்டு ஓட்டுனேன். நாலும் இருக்கு. மூணுல பேர ஒட்டி சமக்குறி. பாதை_வீரை-க்கும் சமக்குறிக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ். பேட்ச்ல அந்த ஸ்பேஸும் பேர்ல சேத்தி. அப்ப இருக்கது "பாதை_வீரை " , நான் கேக்கது "பாதை_வீரை", அப்படி ஒருத்தன் இல்லன்னு வெத்து வருது. பையன் அழகுக்காக இடம் விட்டு அடிச்சிருக்கான்.

அப்பாட்ட சொன்னேன். "பையன வையாத. கொட்டேஷன் மார்க் போட்டு எழுதிரு"ன்னாவ. முன்னால இருக்க ஸ்பேஸுக்கு கொட்டேஷன் உதவாதுப்பா, கடைசில வர ஸ்பேஸுக்குத்தான்னேன்.

"தெரியும்ட்டி. இருந்தாலும் போடு."

நாலு வரிக்கும் போட்டுட்டேன். ரூட்ல கெடக்க வீரவநல்லூர் பில்ல எடுத்து தேதி வாரியா ஃபோல்டர்ல போடணும், ஊர்% ஃபோல்டர அழிக்கணும். அண்ணாச்சிக்கு நாளைக்கு முழுக்க போன் எடுக்க மாட்டேன்னு மெசேஜ் போட்டாச்சு. ஆறு மணிக்கு கூட்டிட்டுப் போறாங்க.