ஹாலேயில் ஒரு சாப்பாட்டு ஜெபம்

"தலைவலியா? மாத்திரை வேண்டுமா?" என்று எதிரே உட்கார்ந்திருந்த சக ஊழியர் கேட்டபோது நான் இன்னும் ஆமென் சொல்லி முடிக்கவில்லை. சாப்பிடுமுன் கண்ணை மூடித் தலைகுனிந்தால், ஜெர்மனியின் இந்தக் கிழக்கு மூலையில் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் போலிருக்கிறது. ஜெபம் செய்தேன் என்றதும் அவருக்கு வியப்பு இன்னும் கூடிவிட்டது. இந்தியராயிற்றே, உங்களை யார் கிறிஸ்தவராக்கியது என்றார்.

உங்கள் ஊர்க்காரர்கள்தான் என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு படித்தது இந்த ஹாலேயில். அவருடைய அச்சகத்துக்கு முதல் தமிழ் எழுத்துகளை இங்கேதான் வார்த்து அனுப்பினார்கள். 1778இல் பாளையங்கோட்டையில், திருநெல்வேலிச் சபைக்கு வித்திட்ட குளோரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரும் இங்கே படித்தவர்தான். கேள்வி கேட்ட நண்பரோ, சீகன்பால்குவின் ஆசிரியர் பிராங்கே இந்த ஊரில் நிறுவிய கல்வி வளாகத்துப் பள்ளியில் படித்தவர். அங்கே தமிழ் ஓலைச்சுவடிகள் இருப்பது அவருக்குத் தெரியாது. எங்கள் ஊர் ஞாயிறு பள்ளிப் பிள்ளை இந்தப் பெயர்களையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்.

குடியிருப்புப் பதிவில் மதம் என்ன என்று கேட்டார்கள். பெருமையாகப் புராட்டஸ்டண்ட் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெருமை சம்பளச் சீட்டில் வருமான வரியின் மேல் ஒன்பது சதவீதச் சபை வரியாக வந்து நின்றது. கொடுப்பதில் வருத்தமில்லை. ஆனால் ஊரில் சபைக்கான சங்கச் சந்தா வாங்க வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து, காப்பி குடித்து, "போன வாரம் கோயிலில் காணோமே?" என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் ரசீது கிழிப்பார். இங்கே ஒரு ஞாயிறு போகாவிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. ஒரு மாதம் போகாவிட்டாலும் அப்படித்தான். பக்தி அவரவர் சொந்த விஷயமாம். ஊரில் இருந்தபோது இந்த விடுதலைக்காக எவ்வளவு ஏங்கியிருப்பேன்! கிடைத்த பிறகுதான் அது இத்தனை குளிராக இருக்கும் என்று தெரிகிறது.

சரி, பழகிவிட்டது. ஆர்கன் இசை பிடித்துப்போயிற்று. வழிபாடு ஒரு மணி நேரத்தில் முடிவதும் வசதிதான். டிசம்பர் வந்தால் மட்டும் காது தானாக ஊரைத் தேடுகிறது. அங்கே நள்ளிரவில் டிரம் அதிர, தெருநாய்கள் பக்கபாட்டுப் பாட, கேரல் குழு வந்து கதவைத் தட்டும். அம்மா பாதித் தூக்கத்தில் சுக்குக் காப்பி ஆற்றுவாள். எதிர்வீட்டு இந்துக் குடும்பமும் விளக்கைப் போட்டு, எங்கள் வீட்டுக்கும் ஒரு பாட்டு என்று கூப்பிடும். சாட்சி சொல்வதென்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. இங்கே இரவு பத்து மணிக்கு மேல் தும்மினாலே அடுத்த வீட்டுக்காரர் குறிப்பெடுப்பார்.

அந்த அடுத்த வீட்டுக்காரர் ஒரு மூதாட்டி. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில், திடப்படுத்தல் என்ற சபைச் சடங்குக்குப் பதிலாக அரசு நடத்திய இளையோர் விழாவில் உறுதிமொழி எடுத்து வளர்ந்தவர். கடவுள் என்றால் தோளைக் குலுக்குவார். பாட வழியில்லாததால் கிறிஸ்துமசுக்கு அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் தட்டில் கொண்டு போனேன். மறுநாள் அந்தத் தட்டு ஸ்டோலன் என்ற ஜெர்மன் கிறிஸ்துமஸ் கேக்கோடு திரும்பி வந்தது. எங்கள் ஊரில்கூடத் தட்டைக் காலியாகத் திருப்ப மாட்டோம் என்றேன். அன்றுதான் முதல்முறையாக உட்காரச் சொன்னார். அதன்பின் மூட்டுவலி, மகனின் தொலைபேசி, பூனையின் பத்தியம் எல்லாம் என் காதுக்கு வரத் தொடங்கின. எனக்குத் தெரிந்த ஊழியம் அவ்வளவுதான்: சூப் வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும்.

சென்ற ஞாயிறு குளிருக்குப் பயந்து போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டேன். பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"இன்று உங்கள் கதவுச் சத்தம் கேட்கவில்லையே. கோயிலுக்குப் போகவில்லையா?"

சந்தாக்காரராவது காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்பார். இவர் வாசலிலேயே கேட்டுவிட்டார்.