ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சு, அப்புறம்?

ஆறு, பத்து, பதினான்கு வார ஊசிகளை நம்மூரில் பெரும்பாலான வீடுகளில் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் ஆகிவிடும். அதன்பிறகு ஏழு மாதத்துக்கு அரசு அட்டவணையில் எந்த ஊசியும் கிடையாது. அதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும், அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், தடுப்பூசி அட்டை தாய்வீட்டுப் பீரோவில் தங்கியிருக்கும். 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை நழுவுவது இப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தந்த கணக்குப்படி, 2024-இல் உலகக் குழந்தைகளில் 84 சதவீதம் பேர் தட்டம்மை ஊசியின் முதல் தவணை போட்டிருக்கிறார்கள். இரண்டாவது 76 சதவீதம்தான்.

ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்கள் சில குழந்தைகளின் உடலில் இன்னும் மிச்சமிருக்கும். ஊசியில் இருக்கும் பலவீனப்படுத்திய வைரஸை அவையே அழித்துவிடும். அதனால் நூறு பேருக்குப் போட்டால் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கிறது. பாதுகாப்பே இல்லாத இடத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். அதைத் தடுக்க ஊரில் 95 சதவீதம் பேருக்காவது எதிர்ப்புச் சக்தி வேண்டும். தெருவில் ஒரு குழந்தைகூட விடாமல் முதல் தவணை போட்டாலும் அந்த எண் வராது. விட்டுப்போன 15 பேரைப் பிடிக்கத்தான் ஒன்றரை வயது ஊசி.

'அம்மை வந்துபோனால் எதிர்ப்புச் சக்தி தானாக வந்துவிடும்' என்பவர்களுக்கு: ஊசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பணுக்களில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மை அழித்திருந்தது. தட்டம்மை வந்துவிட்டால் வீட்டில் வேப்பிலை கட்டுங்கள், தவறில்லை. ஆனால் மருத்துவரிடம் காட்டி வைட்டமின் ஏ கொடுத்தாக வேண்டும்: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6 முதல் 11 மாதம் என்றால் 1 லட்சம், அடுத்தடுத்த இரண்டு நாள்.

இனி ஊசி போடும் நிலையத்தில் கவனிக்கவேண்டியவை. இந்த மருந்து தூளாக வரும். அதே நிறுவனம் தரும் கரைப்பானில்தான் கலக்க வேண்டும். கலந்தபின் 4 மணி நேரம்தான் ஆயுள். மீறினால் குப்பியில் கிருமி வளரும். 2017-இல் தெற்கு சூடானில் 15 குழந்தைகள் இறந்ததற்கு, கலந்த மருந்தைக் குளிர்ச்சி இல்லாமல் நாள்கணக்கில் வைத்திருந்ததும் ஒரே சிரிஞ்சைப் பலருக்குப் பயன்படுத்தியதும்தான் காரணம். குப்பியில் திறந்த நேரம் எழுதியிருக்கிறதா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். 0.5 மில்லி, வலது மேல்கையில், தோலுக்கு அடியில். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

அதே நாளில் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னிக்கான ஊசி) பூஸ்டரும் போடுவார்கள். அன்றிரவு காய்ச்சல் வந்தால் அதனால்தான். தட்டம்மை ஊசியின் காய்ச்சல், வந்தால், ஏழிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும், லேசான தடிப்போடு. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி. ஐந்து மில்லிக்கு 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மில்லி, 120 மி.கி. என்றால் 6 மில்லி. பாட்டிலைப் படிக்காமல் 'வழக்கமான அளவு' ஊற்றுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு.

சளிக்கும் லேசான காய்ச்சலுக்கும் தள்ளிப்போட வேண்டாம். அதிக ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை, சமீபத்தில் ரத்தம் ஏற்றிய குழந்தை என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். தனியாரில் சின்னம்மை ஊசி போட்டிருந்தால், அதே நாளில் போடாதபட்சத்தில் நான்கு வாரம் இடைவெளி தேவை.

இரண்டு வயது தாண்டிவிட்டதா? 5 வயது வரை அரசு நிலையங்களில் போடுவார்கள். ஒன்றுமே போடாத குழந்தைக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை. தனியாரில் போட்ட எம்எம்ஆர் ஊசியும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து) கணக்கில் சேரும். பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு அதில் கூடுதல், அரசு ஊசியில் அது இல்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டை தொலைந்திருந்தால் அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவேடான யூ-வின்னில் இருக்கிறதா என்று உங்கள் செல்போன் எண்ணைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்தில் எங்குமே இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு போடுவார்கள். ஒரு தவணை கூடிப்போனால் கெடுதல் இல்லை.